இமைமேல் வைத்த ஐஸ்

பாகூரில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அந்த அம்மாவின் குரல் தெருமுனையிலேயே கணீரென்று கேட்கும். எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் அதே குரல் குழறிவிடும். இடது இமையும் இறங்கிப் பாதிக் கண்ணை மூடிவிடும். குடித்துவிட்டு வருகிறாள் என்றார்கள் எதிர்வீட்டில்.

அவர் கூடையிலிருந்து ஒரு ஐஸ் துண்டை எடுத்து இமைமேல் அழுத்திக்கொள்வார். சற்று நேரத்தில் கண் திறந்துகொள்ளும். அது மறுபடி மூடுவதற்குள் அவசரமாகச் சங்கரா மீனை எடைபோடுவார்.

“இன்னாக்கா இது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நரம்பு சொல்றத சதை வாங்கிக்கற எடம்னு ஒண்ணு இருக்குதுன்னாரு டாக்டரு. என் ரத்தமே அதப் போயி அடிச்சிக் கெடுக்குதாம். மாத்திர போட்டா கொஞ்ச நேரம் தாங்குது.”

போன வாரம் அவருக்குத் தலையே நிற்கவில்லை. மோவாயைக் கையால் தாங்கிக்கொண்டு எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறினார். ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு, வேறொன்றும் தோன்றாமல், பிரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டை எடுத்துவந்து நீட்டினேன்.

சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

“மூச்சுக்கு இத எங்க வெக்கிறதும்மா?”

வண்டி வந்து ஏற்றிப்போனது. கூடையை எடுக்க இன்னும் யாரும் வரவில்லை. ஐஸ் தட்டில் மறுபடி தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியாமல்.