வெண்கலத் தொண்டைக்கு ஒரு வீட்டுக் குரல்

துறைமுகத்து மீன் சந்தையில் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. வெண்கலம் என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். ஏலம் விடுகிறவர். ஐஸ் உடைக்கும் சத்தம், வண்டிகளின் ஹாரன், கூரைக்கு மேலே கடற்பறவைகளின் கூச்சல், இத்தனையையும் மீறிக்கொண்டு அவருடைய "ஒரு தரம்!" வெளிக்கதவு வரை போய் முட்டிவிட்டுத் திரும்பும். மைக் வாங்கித் தருகிறோம் என்று வியாபாரிகள் ஒருமுறை சொன்னார்கள். "பாவம், மைக்குக்குக் காது வலிக்கும்" என்று மறுத்துவிட்டார்.

குரலோடு இன்னொரு திறமையும் அவருக்கு இருந்தது. விலையை யார் ஏற்றப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒருவர் தோளை லேசாக அசைப்பார், இன்னொருவர் மீனைப் பார்க்காமல் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்ப்பார். அவர்கள் கை உயர்வதற்குள் அடுத்த விலை இவர் வாயில் தயாராக நிற்கும்.

வீட்டுக்கு வந்துவிட்டால் அதே தொண்டை கதவடைத்த கடை. மறுநாள் சந்தைக்கு வேண்டுமே என்று குரலைச் சேர்த்து வைப்பார். பேசினால் ஒன்றிரண்டு வார்த்தை, அதுவும் அடித்தொண்டையில். "ஊருக்கெல்லாம் வெண்கலம், எனக்கு மட்டும் தகரமா?" என்று மனைவி கேட்பாள். அவர் "ம்" என்பார். அந்த "ம்"மில் சிரிப்பு இருக்கிறதா இல்லையா என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை இருந்தது. வாயைத் திறந்தால் காற்றுகூட வரவில்லை. கழுத்தில் வைத்து அழுத்திப் பேசும் ஒரு கருவியை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். அது டப்பாவுக்குள் மாட்டிய வண்டு போல ரீங்கரித்தது. முதல் முறை அதில் பேசியபோது மனைவி திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். அன்றைக்கே அதை அலமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

பிறகு சிலேட்டுப் பலகைதான் வாயாயிற்று. எழுதி நீட்டுவார், அவள் படிப்பாள். "எழுத்துலயும் கஞ்சத்தனம் போகலியே" என்பாள். அப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது, அவளுடைய கண் மங்கத் தொடங்கும்வரை. கண் நரம்பு பழுதாகிக்கொண்டு வருகிறது, சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்றார் டாக்டர். பலகையில் எழுத்து பெரிதானது. ஒரே சொல் பலகையை அடைத்துக்கொண்டது. கடைசியில் அதுவும் அவளுக்கு வெறும் வெள்ளைப் பூச்சாகிவிட்டது.

அலமாரியில் கிடந்த வண்டுக் கருவியை எடுத்து அவளை மறுபடி மிரட்ட அவருக்கு மனம் வரவில்லை. அதன்பின் அவர்களுக்குள் தட்டுவதுதான் மிஞ்சியது. மேசையில் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை.

"ஆமாவும் இல்லையும் மட்டும் வெச்சுக்கிட்டு எப்படிங்க குடும்பம் நடத்துறது? ஆசையா ஒரு சண்டைகூடப் போட முடியல."

அவர் ஒரு தட்டு தட்டினார்.

ஒரு நாள் காலை, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வழக்கமான இடத்தில் வைக்காமல் மேடையின் ஓரத்தில் வைத்துவிட்டார். துணியை எடுப்பதற்காக அவள் அந்தப் பக்கம் கையை நீட்டினாள். அவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். கத்தினார். வாய்தான் திறந்தது. படபடவென்று கையைத் தட்டினார்.

"என்னங்க, ஆமாவா இல்லையா? இத்தன தட்டு தட்டினா நான் எதைன்னு எடுத்துக்கிறது?" என்று கேட்டபடியே அவள் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

கை கொப்பளித்தது. அவள் அழவில்லை, குளிர்ந்த தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு, "உங்க மேல தப்பில்லீங்க" என்றாள். அதுதான் அவரை அறுத்தது. வெளிக்கதவு வரை போன குரல், நாலடி தள்ளி நின்ற பெண்டாட்டிக்கு எட்டவில்லை.

ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பேச்சிழந்தவர்களுக்காகப் புதிதாக ஏதோ செய்துபார்க்கிறார்கள் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். இரண்டு தட்டு தட்டி மறுத்திருந்தார். இப்போது அவரே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து மகள் முன்னால் நின்றார்.

அங்கே காத்திருந்த இடத்தில் ஒருவர் தன் இயந்திரக் கையால் முட்டை எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதை அந்த விரல்களே உணர்ந்து சொல்லுமாம். "நேத்து வரைக்கும் ஆம்லெட்தான் சார்" என்று இவரைப் பார்த்துச் சிரித்தார். "இன்னிக்குத்தான் முட்டை முட்டையாவே இருக்கு." வெண்கலத்துக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது.

கருவியைச் செய்த இன்ஜினியர் ஓர் இளம்பெண். மேசையெல்லாம் ஒயர், நடுவில் பாதி குடித்த டீ. அவள் பெரிய பெரிய வார்த்தைகளை எடுக்கவில்லை.

"ஐயா, உங்களுக்குக் குரல்வளை மட்டும்தான் போயிருக்கு. நாக்கு, உதடு, தாடை எல்லாம் இன்னும் பேசிட்டுத்தான் இருக்கு. அது கேக்காம இருக்கிறது எங்களுக்குத்தான்."

தோலைப் போலவே இழுபடும் ஒரு மெல்லிய பட்டையை அவர் கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் ஒட்டினாள். தசை அசையும்போது பிறக்கும் துளியூண்டு மின்சாரத்தை அந்தப் பட்டை பிடித்துப் போனுக்கு அனுப்பும். அந்த அசைவு என்ன சொல் என்று போன் கண்டுபிடித்துப் பேசும். அவருடைய பழைய பேச்சு எதிலாவது பதிவாகி இருந்தால், அவர் குரலிலேயே பேசும்.

பதிவு சேர்க்கும் வேலையை மகளும் சந்தை ஐஸ்காரரும் எடுத்துக்கொண்டார்கள். ஐஸ்காரர் போனில் மட்டுமே வீடியோ குவிந்து கிடந்தது. எல்லாம் ஏலம்.

"வீட்ல சாதாரணமா பேசினது எதுவும் இல்லையா?" என்று இன்ஜினியர் கேட்டாள்.

"அப்பா வீட்ல பேசியிருந்தாத்தானே" என்றாள் மகள்.

"இதைவிட என்னம்மா வேணும்? அண்ணன் குரலு அத்தனையும் அசல் சரக்கு" என்றார் ஐஸ்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அதில் ஒரு கோளாறு இருப்பது யாருக்கும் உறைக்கவில்லை.

தினமும் கண்ணாடி முன் உட்கார்ந்து, சத்தமில்லாமல் வாயசைத்து வாயசைத்துப் போனைப் பழக்கினார். பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அணைக்க மறந்தால், அது தேய்ப்பதையும் பேச்சாக்கப் பார்த்துத் திரையில் என்னென்னவோ எழுதித் தள்ளும். ஒருவழியாகக் கருவி தேறியது. ஆராய்ச்சிக்கூடத்தில் அதற்குக் குரலையும் ஏற்றிக் கொடுத்தார்கள். மனைவியிடம் முதலில் என்ன கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, மெதுவாக வாயசைத்தார். கண்ணுக்கு மருந்து போட்டியா?

"கண்ணுக்கு மருந்து போட்டியாஆஆ! ஒரு தரம்!"

ஜன்னல் அதிர்ந்தது. மடித்த துணியெல்லாம் தரையில் விழுந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து, "அண்ணே, மருந்து என்ன விலைக்குப் போகுது?" என்று ஒரு குரல் வந்தது.

மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அவரும் தோள் குலுங்கச் சிரித்தார். போன் பழகியதெல்லாம் ஏலம். எதைச் சொன்னாலும் அது கூவியது, வாக்கியம் முடிந்ததும் அதுவாகவே "ஒரு தரம்" என்பதையும் சேர்த்துக்கொண்டது. அன்று சாயங்காலம் அவள் வாசலில் இறங்கும்போது "படி" என்று வாயசைத்தார். போன் யோசித்து முடிப்பதற்குள் அவள் கால் வைத்தாயிற்று. அவள் தடுமாறிச் சுவரைப் பிடித்து நின்றபிறகு தெருவே கேட்கும்படி "படீஈஈ!" என்றது.

அவள் சுவரிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்: "குரல் உங்களோடதுதாங்க. அதுல சந்தேகமே இல்ல. ஆனா வந்திருக்கிறது சந்தைக்காரரு. வீட்டுக்காரரு இன்னும் வரல."

குரலே வராதிருந்த நாட்களில்கூட அவருக்கு இவ்வளவு வலித்ததில்லை. தன் வீட்டுக் குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். அவருக்கே ஞாபகம் வரவில்லை.

அடுத்த முறை மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார். இன்ஜினியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"தப்பு என்னோடதுதாம்மா. சத்தத்தக் குறைக்கலாம். ஆனா கத்துற குரலக் குறைச்சா, தூரத்துல நின்னு கத்துற மாதிரித்தான் இருக்கும். கிட்ட நின்னு பேசற மாதிரி ஆகாது. அந்தக் குரல் எப்படிப் போகும், எங்க இழுக்கும், எங்க நிறுத்தும்னு தெரியணும். அதுக்குத்தான் பதிவே இல்லையே."

"நான் கேட்டிருக்கேனே" என்றாள் மனைவி.

"சரி, தண்ணி வேணும்னா ஐயா எப்படிக் கேப்பாரு?"

"தண்ணின்னு கேக்கவே மாட்டாரு." அவள் தாடையைக் கழுத்தோடு ஒட்டி, பார்வையைத் தரையில் போட்டு, அடித்தொண்டையில், "ம்... இன்னிக்கு வெயிலு ஜாஸ்தி" என்றாள். "இப்படின்னா தண்ணின்னு அர்த்தம்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அம்மா, அப்படியே அப்பா!"

"பொய் சொல்லும்போது கடைசி எழுத்த முழுங்கிடுவாரு. எம்மேல கோவம்னா சத்தம் இன்னும் குறையும். பாசமா இருந்தாலும் குறையும். ரெண்டுக்கும் வித்தியாசம் அந்த 'ம்'முல இருக்கு. கோவத்துக்கு 'ம்' கிடையாது." ஒவ்வொன்றையும் அவள் நடித்துக் காட்டினாள். வெண்கலம் நாற்காலியில் நெளிந்தார். கஞ்சத்தனமாக எண்ணி எண்ணிப் போட்ட வார்த்தைகள் ஒன்றுகூடச் சிந்தாமல் அவளிடம் பத்திரமாக இருந்தன.

இன்ஜினியர் டீயை நகர்த்தி வைத்துவிட்டு, ஒரு மைக்கை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். "அம்மா, நிறுத்தாதீங்க. இப்படியே ஐயா மாதிரி பேசிட்டே இருங்க. குரலை அவரோட ஏலத்துல இருந்து எடுத்துக்கறேன், நடையை உங்ககிட்ட இருந்து எடுத்துக்கறேன். ரெண்டையும் சேர்த்துப் பாக்கலாம். வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"இவர நக்கல் பண்றதுக்குக் கூலி வேற குடுப்பீங்க போலிருக்கே" என்று மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

சுலபத்தில் வரவில்லை. முதலில் ஜலதோஷம் பிடித்த மனைவியைப் போல ஒலித்தது. இன்னொரு முறை தூக்கத்தில் ஏலம் விடுவதுபோல வந்தது. அந்தப் பெண் சலிக்கவில்லை. கேட்பாள், உதட்டைப் பிதுக்குவாள், "இல்ல, ஐயா இல்ல இது" என்று தானே சொல்லிக்கொண்டு மறுபடி கணினிப் பக்கம் திரும்புவாள். ஓர் இயந்திரத்துக்கு ஒருவரின் "ம்" பிடிபட வேண்டும் என்பதற்காக ஒரு படித்த பெண் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொள்வாள் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. கண்டுபிடிப்பு என்றால் ராக்கெட், பாலம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

சொல் தாமதமாக வருவதை மட்டும் அவளால் முழுதாகப் போக்க முடியவில்லை. "முன்னைக்கு இப்போ பரவாயில்ல. ஆனா ஒரு கண் சிமிட்டற நேரம் பிந்தித்தான் வரும் ஐயா. அதுக்கு மேல இன்னிக்கு எனக்குத் தெரியல" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். ஐஸ்காரர் கேட்டுக்கொண்டதற்காகப் பழைய ஏலக் குரலையும் போனில் தனியாக விட்டுவைத்தாள்.

சரிசெய்த போனை வாங்க அவர் மட்டும் போயிருந்தார். அங்கேயே பேசிப் பார்க்கச் சொன்னாள். வெண்கலம் கையைக் கூப்பி, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மனைவி அடுப்படியில் இருந்தாள். மேடையில் அப்போதுதான் இறக்கிய பாத்திரம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவர் அதே வாசலில் நின்றார். அவள் கையை அவர் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தார், ஏலத்தில் பார்ப்பதுபோல. துணியைத் தேடி அவள் வலது தோள் லேசாக முன்னால் சாய்ந்தது. கை இன்னும் கிளம்பவே இல்லை. அவர் வாயசைத்தார்.

"ம்... சூடு. கைய எடு."

சத்தம் அடுப்படியைத் தாண்டவில்லை. கொஞ்சம் கரகரத்து, கடைசியில் தணிந்து, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமான குரல். அவள் கை பாத்திரத்துக்குச் சற்று மேலே, ஆவியில், அப்படியே நின்றது.

அவள் திரும்பவில்லை. கையை மெல்ல இறக்கிப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

அவர் பழக்கதோஷத்தில் கதவில் ஒரு தட்டு தட்டினார்.

"தட்டாதீங்க" என்றாள் அவள். "வாயால சொல்லுங்க."