மருதாணி என்று சொன்னவள்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணின் கைகள் சிவந்திருந்தன. "மருதாணியா? ஸ்கூலுக்கு வெச்சிக்கினு வரக் கூடாதுன்னு தெரியாதா?" என்று கத்தினேன். "ஆமா டீச்சர், மருதாணிதான்" என்றாள். வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன்.

மதியம் அவள் சாப்பிடும்போதுதான் கவனித்தேன். முழங்கைவரை சிவப்பு திட்டுத்திட்டாகத் தெறித்திருந்தது. பட்டுத்தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்திலேயே குடியிருக்கும் எனக்குக் காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். அது பட்டுநூலுக்கு ஏற்றும் சாயம்.

"ஏம்மா பொய் சொன்ன?"

"மருதாணின்னா திட்டிட்டு வுட்டுடுவீங்க டீச்சர். சாயம்னா, புள்ளைய ஏன் வேலைக்கு வெச்சேன்னு அப்பாவைக் கேக்க லேபர் ஆபீசுலேர்ந்து ஆளு வந்துடும்."

அந்த ஆளுக்கு எழுதிப்போட வேண்டியவள் நான்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.