மரத்தடியில் நின்ற கோழி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கார்மென்ட்ஸில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த காலத்தில் சூப்பர்வைசரே என்னிடம் கொஞ்சம் அடங்கித்தான் பேசுவார். என் வீட்டுக்காரர் நேர் எதிர். எறும்பு மேலே ஏறினால்கூட ஊதித்தான் தள்ளுவார். நகரத்துக்குள் இருந்த ஆஸ்டின் டவுன் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஆனேக்கல் தாண்டிக் காட்டோரத்தில் ஒரு துண்டு நிலத்தில் குடியேறியபோது, கோழி வளர்க்கலாம் என்று ஆரம்பித்தது அவர்தான். கோழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் குழம்பு வைப்பது மட்டும்.

அதில் ஒரு சாம்பல் கோழி. வேலியைத் தாண்டிப் பறந்துபோய்ப் பக்கத்துத் தோட்டத்துக் கீரையைக் கிளறிவிட்டு வரும். தினமும் புகார். ஒருநாள் அதைப் பிடித்து மடியில் வைத்து, என் தையல் கத்தரியாலேயே ஒரு பக்க இறக்கையின் இறகுகளை நேராக வெட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அது இடுப்பு உயரம்கூடப் பறக்கவில்லை. எனக்கு வெற்றிதான்.

கொஞ்ச நாளில் அது அடை உட்கார்ந்தது. முட்டையை எல்லாம் நாங்கள் தின்று தீர்த்திருந்தோம். வெறும் கூடையை அடைகாத்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் முக்கி எடுத்தால் தெளிந்துவிடும் என்றாள் பக்கத்துத் தோட்டத்துக்காரி. இவருக்கு மனசு வரவில்லை. அந்த வாரம்தான் எதிர் நிலத்தை லே-அவுட் போடச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். புதருக்குள்ளிருந்து மயில் ஒன்று எழுந்து பறந்ததைப் பார்த்து ஜேசிபி டிரைவர் வண்டியை நிறுத்தியிருக்கிறார். நான்கு முட்டைகளைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தார். தாய் மயில் திரும்பி வர அங்கே புதரும் இல்லை, ஒன்றும் இல்லை. இவர் முட்டைகளைக் கோழிக்கு அடியில் வைத்தார்.

கோழிக் கணக்குக்கு இருபத்தொரு நாள். அது கடந்தும் ஒன்றும் நடக்கவில்லை. "பேடக்கா, வேண்டாம், தூக்கி வீசிடு. அழுகிப் போயிருக்கும்" என்றாள் பக்கத்துத் தோட்டத்துக்காரி. கோழி எழுந்திருக்கவில்லை. கொண்டை வெளுத்து, உடம்பு பாதியாகி, இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்தது. இரண்டு குஞ்சுகள் வந்தன. கழுத்து நீண்ட, பழுப்பு நிறக் குஞ்சுகள். அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கோழி மேல் முதன்முதலாக மரியாதை வந்தது.

அது அவற்றைக் கூட்டிக்கொண்டு திரிந்த அழகைச் சொல்லி முடியாது. ஒரு கரையான் கிடைத்தால் ஊரையே கூப்பிடும். ஆனால் மயிலின் ரத்தம் வேறு. ஒரு மாதம் ஆவதற்குள் குஞ்சுகள் சாயங்காலமானால் விர்ரென்று சில்வர் ஓக் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. கோழி கீழே நின்று அண்ணாந்து கூப்பிடும். எம்பும். வெட்டிய இறக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளிவிடும். மறுபடி எம்பும். நான் பார்க்காத மாதிரி உள்ளே போய்விடுவேன். இருட்டுவதற்குள் இவர் போய் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து கூண்டில் விடுவார். கூண்டு வரும்வரை அது மரத்தையே திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

ஒருநாள் ஆஸ்டின் டவுனில் ஒரு சாவு. இவர் மட்டும் காலையிலேயே கிளம்பினார். வாசலில் நின்று, "இருட்டுறதுக்குள்ள அத தூக்கி உள்ள விட்டுடும்மா" என்றார்.

போனேன். பிடிக்க வந்தவளைக் கையில் கொத்திவிட்டு ஓடியது. மரத்தை மூன்று சுற்று சுற்றினேன். முட்டி வலி, கொசு, கையில் ரத்தம் வேறு. "இங்கயே கெட" என்று சொல்லிவிட்டு வந்து, மற்றக் கோழிகளை அடைத்துத் தாழ் போட்டேன். சோறு வடித்துவிட்டு மறுபடி போகலாம் என்று நினைத்தேன். போகவில்லை.

எட்டு மணிக்கு இவர் வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "உள்ள விட்டியா?" என்றார்.

"விட்டாச்சு" என்றேன்.

இல்லை என்றிருந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு போயிருப்பார். பாவம், அலைந்து களைத்து வந்திருக்கிறார் என்பதற்காகச் சொன்னேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் இல்லை. ஒரு கோழியிடம் தோற்றதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

காலையில் அவர்தான் கூண்டைத் திறந்தார். உள்ளே குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மரத்தடிக்குப் போனார். சாம்பல் இறகுகள் அங்கிருந்து உண்ணிச்செடிப் புதர்வரைக்கும் சிதறிக் கிடந்தன. ஈர மண்ணில் இருந்த தடத்தைப் பார்த்துக் காட்டுப்பூனை என்றார்கள். அதன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இறகுகளில் சில, நுனி நேராக வெட்டுப்பட்டவை. என் கத்தரி வெட்டு எனக்குத் தெரியாதா? அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

குஞ்சுகள் இறங்கி வந்து பகல் முழுக்க அந்த இறகுகளைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. சாயங்காலம் மரத்துக்குப் போகவில்லை. கூண்டு வாசலுக்கு வந்து நின்றன. இவர் திறந்துவிட்டார். இரண்டும் உள்ளே போய், அந்தக் கோழி படுக்கும் மூலையில் ஒண்டிக்கொண்டன.

"நான் பொய் சொன்னேங்க" என்றேன்.

"தெரியும்மா" என்று தாழைப் போட்டார். திட்டியிருந்தால் தேவலை.

குஞ்சுகள் வளர்ந்து, காட்டு மயில்களோடு போய்விட்டன. கோழிகள் இன்னும் இருக்கின்றன. இவர் வெளியே போகும் நாட்களில் நான்தான் அடைக்கிறேன். திரும்பி வந்ததும் அவர் எதுவும் கேட்பதில்லை. நானாகவே, "எல்லாம் உள்ள விட்டாச்சுங்க" என்கிறேன். "சரிம்மா" என்கிறார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.