தண்ணீர் வாடை

ராக்கம்மாள் தண்ணீர் குடிப்பது மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் நின்றுதான். அதுவும் தொண்டையில் சத்தம் வராமல், திருடிக் குடிப்பவள் மாதிரி. குடித்ததும் முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்து, வெற்றிலையை மென்றபடிதான் உள்ளே வருவாள். அப்படியும் கட்டிலில் கிடக்கும் புருஷன் ஒச்சாண்டி முகத்தைத் திருப்பி முகர்ந்து பார்ப்பார்.

“தண்ணி குடிச்சிட்டு வாரியா? வாடை அடிக்குது.”

தண்ணீருக்கு ஏது வாடை? ஆனால், சொன்னால் நம்பமாட்டீர்கள், மனிதர் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன அவருக்கு. வாரத்தில் இரண்டு நாள் அனுமந்தன்பட்டியில் பஸ் ஏறி, தேனிக்குப் போய் டயாலிசிஸ். உள்ளே போகிற தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. “கூடக் குடிச்சா நெஞ்சுல ஏறி மூச்ச அடைச்சிரும்னு நர்ஸம்மா சொல்லிருக்காக” என்பாள். ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில், அவ்வளவுதான். அதைக் காவல் காப்பதே ராக்கம்மாளின் பிழைப்பு. வீட்டில் குடங்கள் கவிழ்ந்திருக்கும், அடுப்படிக்குப் பூட்டு. மாரியம்மன் படத்துக்கு முன்னால் வேப்பிலை போட்டு வைத்த சொம்பில் ஒருநாள் இலை மட்டும் மிஞ்சியிருந்தது. அன்றிலிருந்து சாமி சொம்பும் கவிழ்ந்தே இருக்கிறது.

ஊர் சும்மா இருக்குமா? கல்நெஞ்சுக்காரி என்று பேர் வைத்துவிட்டது. களையெடுக்கப் போன ஒரு பகலுக்கு நாத்தனார் அனுசுயாவைத் துணைக்கு விட்டுப்போனாள். அண்ணன் கெஞ்சுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அந்தப் புண்ணியவதி செம்பு நிறைய மோரைக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் ஆம்புலன்ஸ் வந்தது. “பாசத்துல கொடுத்துருச்சு, நான் என்னத்தச் சொல்ல?” என்றாள் ராக்கம்மாள். அதற்கப்புறம் அவள் யாரையும் நம்பி விடுவதில்லை.

வைகாசிக் கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் திறந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஓயாத சலசலப்பு. ஜன்னலைச் சாத்தி இடுக்கில் துணியைத் திணித்தாள். திரும்பிப் பார்த்தால், ஒச்சாண்டி சுவரில் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“செவுத்துக்குள்ள ஓடுது புள்ள.”

அவளும் காதை வைத்தாள். ஓடத்தான் செய்தது.

“ஒரு தடவ அங்கன கூட்டிட்டுப் போ. குடிக்க மாட்டேன். காலை மட்டும் நனைச்சுக்கிறேன்.”

பயந்துகொண்டேதான் மறுநாள் காலையில் கூட்டிப்போனாள். வாய்க்கால் படியில் உட்காரவைத்து, வீங்கிய கால்களில் தானே தண்ணீரை அள்ளி விட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தலை மெல்லக் குனிந்தது, குனிந்துகொண்டே போனது. அவள் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினாள். ஈரக் கை. உள்ளங்கையில் நாக்கு பட்டது. கண்ணைத் திறக்காமலே விரல் விரலாகத் தேடி நக்கினார்.

ராக்கம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது காய்ந்ததும், மற்ற கையை வாய்க்காலில் முக்கி, இரண்டு தரம் உதறிவிட்டு, அவர் வாயருகே கொண்டுபோனாள்.