பூநகரி வீதியின் மேல் போட்ட பழி

அந்தக் காரைக் கெடுத்தவன் நான். பழியைப் பூநகரி வீதியின் மேல் போட்டவனும் நான்தான். மூன்று வருடங்களாக இதை விழுங்கிக்கொண்டு கிளிநொச்சியில் கராஜ் நடத்துகிறேன். இனி விழுங்கமாட்டேன். நீங்கள் கேளுங்கள்.

அது பழைய பிரெஞ்சுக் கார். மற்றக் கார்களைப்போல அதற்கு ஸ்பிரிங் கிடையாது. ஒயிலின் அழுத்தமே உடம்பைத் தாங்கும். உள்ளே இருக்கும் தடியை அசைத்தால் கார் பதியும், மறுபக்கம் அசைத்தால் எழும்பும். கொழும்பிலிருந்த தமையன், பூநகரியில் படிப்பிக்கும் தன் தங்கைக்குக் கொடுத்தது. நாங்கள் எல்லோரும் அவரை ரீச்சர் என்றே அழைப்போம்.

ரீச்சரின் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. காரின் இருக்கையைச் சக்கர நாற்காலியின் மட்டத்துக்குக் கொண்டுவந்தால், யாரும் தூக்காமல் தானே நகர்ந்து ஏறிவிடுவார். ஒவ்வொரு செவ்வாயும் முதுகுப் புண் அலுங்காமல் கிளினிக்குக்கு வந்து போனார். அந்த மனிதரின் வெளியுலகம் அவ்வளவுதான்...

ஒருநாள் ரீச்சர் வந்தார். "அண்ணை, கார் பின்னாலை குந்துது. எழும்பப் பஞ்சிப்படுது."

சின்னப் பழுது. குழாய் ஒன்றில் கசிவு, அதனால் ஒயில் குறைந்திருந்தது. குழாயை இறுக்கினேன். அதுவரை நான் செய்ததில் பிழையில்லை.

அந்தக் காருக்கு ஊற்ற வேண்டியது பச்சை நிற ஒயில். கொழும்பிலிருந்து வரவேண்டும். காத்திருந்தேனா? இல்லை! பொருளாதாரத் தடைக் காலத்தில் தொழில் பழகியவன் நான். பெற்றோல் கிடைக்காதபோது மண்ணெண்ணெயில் வாகனம் ஓடவைத்தவர்கள் நாங்கள். இல்லாததற்கு இருப்பதைப் போடுவதுதான் எங்கள் வித்தை, எங்கள் பெருமை. ஒயில் எல்லாம் ஒயில்தானே என்ற திமிரில், அலுமாரித் தட்டிலிருந்த பிரேக் ஒயிலை எடுத்து ஊற்றினேன்.

கார் அழகாக எழும்பியது. ரீச்சர் சிரித்துக்கொண்டு போனார்.

ஒரு மாதத்தில் அதை இழுத்துக்கொண்டு வந்தார்கள். சேற்றில் படுத்த எருமைபோல நிலத்தோடு கிடந்தது. பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை என்றார் ரீச்சர். அந்தக் காரில் பிரேக்கும் அதே பச்சை ஒயிலில்தான் வேலை செய்கிறது. வழியில் அது பிடிக்காமலே போயிருந்தால்?

ஒயில் தொட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே சேற்று நிறம். நான் ஊற்றியது உள்ளிருந்த ரப்பர் வளையங்களை எல்லாம் ஊதிப் பெருக்கவைத்திருந்தது. பார்த்த கணமே பழுது விளங்கிவிட்டது. திருத்தியிருக்கலாம்! முழுவதையும் கழுவி, புது வளையங்கள் எடுப்பித்துப் போட்டிருக்கலாம். ஆனால் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே...

மூடியை மூடினேன். "றோட்டாலை வந்த பழுது, ரீச்சர். பள்ளத்திலை அடிபட்டு உள்ளுக்கை எல்லாம் உடைஞ்சுபோச்சு. இனிச் செய்யேலாது."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் ரீச்சர் வீதியைக் குறை சொல்லவில்லை. "அப்ப நான்தான் பாத்து ஓட்டேல்லை," என்றார்.

அந்த இடத்திலாவது வாயைத் திறந்தேனா? கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். கார் பழைய இரும்புக்குப் போனது. செவ்வாய்க்கிழமைகளும் அதோடு போயின.

இப்போது ஏன் சொல்கிறேன் என்கிறீர்களா? போன மாதம் வவுனியாவிலிருந்து அதே மாதிரிக் கார் ஒன்று வந்தது. அதே குழாய்க் கசிவு. இம்முறை பச்சை ஒயில் வரும்வரை காத்திருந்து ஊற்றினேன். அது எழும்பி நின்றது; ரீச்சரின் காரும் இப்படி நின்றிருக்கும். மறுநாளே பூநகரிக்குப் புறப்பட்டேன்.

ரீச்சர் வாசலில் நின்றபடியே முழுவதையும் கேட்டார். "எனக்குச் சொன்னது காணாது. உள்ளை வந்து அவருக்கும் சொல்லுங்கோ," என்றார்.

சென்றேன். கட்டிலில் கிடந்த மனிதருக்கு ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரைக் கெடுத்தாளெண்டு மூண்டு வருசமா இவளைத்தான் ஏசினனான்," என்றார். "ஒவ்வொரு செவ்வாயும் ஏசினனான். இனி இவளோடை நான் எந்த முகத்தோடை கதைக்கிறது? நீர் சொல்லும்."

"போங்கோ, அண்ணை," என்றார் ரீச்சர்.

என் வான் வண்டியின் பின் இருக்கையைக் கழற்றி, நாற்காலியை ஏற்றச் சரிவுப் பலகை பூட்டியிருக்கிறேன். முதல் செவ்வாய் அவர்கள் வீட்டு வாசற்படலையடியில் நிறுத்தினேன். ரீச்சர் வந்து, வேண்டாம் என்றார். அடுத்த செவ்வாய் யாரும் வெளியே வரவில்லை; கிளினிக் முடியும் நேரம்வரை நின்றுவிட்டுத் திரும்பினேன்.

வருகிற செவ்வாயும் போவேன். அதற்கடுத்த செவ்வாயும் போவேன். படலை திறந்தாலும் திறக்காவிட்டாலும், கிளினிக் முடியும்வரை அங்கேயே நிற்பேன்.