இடப்பக்கத்து ஆணி

கண்ணை மூடிக்கொண்டு ஒரு கவுளி (நூறு வெற்றிலைக் கட்டு) எண்ணுவேன். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குத் தண்ணீர் இறைத்தவன், மதுரையில் சொந்தக் கடை போட்டது இந்த விரல்களை நம்பித்தான். யுத்த காலத்தில் ஒரு காலை, இடது கை விரல்கள் ஐந்தும் வெற்றிலையை நழுவவிட்டன. உதறிப் பார்க்க நினைத்தேன். கை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பாரிசவாயு (மூளைக்கு ரத்தம் தடைபட்டு உடம்பில் ஒரு பக்கம் விழுந்துபோவது) என்றார்கள். இனி கட்டில்தான் என்று பார்க்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அடுத்த மாதமே கோலில்லாமல் நடந்தேன். அவர்களில் பாதிப்பேருக்கு அப்படி நடக்க வராது.

கால் தேறியபின் வேறொன்று தொடங்கியது. கோரிப்பாளையத்து வீட்டிலிருந்து பாலம் தாண்டிக் கடைக்குப் போவேன். போனால் சாவி இருக்காது. ஒருநாள் குடை. ஒருநாள் ஒற்றைச் செருப்போடு பாலம் வரை நடந்துவிட்டேன்.

“அண்ணே, இன்னொரு செருப்பு பின்னால வருதா?” என்று குதிரைவண்டிக்காரன் கேட்டான்.

என் மனைவி மாயக்கா சாவி தொங்குவதைப் பார்த்தாலும் கூப்பிட மாட்டாள். வெளியே கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவது எங்களில் ஆகாது. சந்து வழியே ஓடி எதிரில் வந்து நிற்பாள்.

“சுமங்கலி எதுக்க வர்றா, சகுனம் நல்லாருக்கு” என்பேன்.

“சகுனத்த வச்சுக் கடையத் திறப்பீகளா? இந்தாங்க சாவி.”

இரண்டு முறை அவளும் கவனிக்காமல், கடை திறக்காமல், வாசலில் இறக்கிய வெற்றிலை வாடிக் கிடந்தது. மகன் பாண்டி சொல்லிவிட்டான்: “அப்பா, இன்னொரு தடவை சாவிய விட்டுட்டுப் போனீகன்னா அது எங்கிட்டத்தான் இருக்கும். நீங்க வீட்டுல இருங்க.” வீட்டிலிருப்பதற்கா பிழைத்தேன்?

மாயக்காவோடு மருத்துவரிடம் போனேன். அவர் இரண்டு கைவிரல்களையும் என் முன்னால் ஆட்டினார்.

“பெரியவரே, எந்தக் கை ஆடுது?”

“இந்தா, இதுதான்” என்று என் வலப்பக்கம் காட்டினேன்.

“ரெண்டும் ஆடுது.”

அப்போதுதான் மாயக்கா, “இலையில இடப்பக்கம் வச்ச பொரியல இவுக தொடுறதே இல்லைங்க. உப்புக் கூடிப்போச்சுன்னுல்ல நெனச்சேன்” என்றாள்.

இது பொதுவான மறதி இல்லை. கண் பார்த்தாலும் மூளை இடப்பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்று மருத்துவர் விளக்கினார். வாசலுக்கு இடப்பக்கம் ஆணியில் சாவி. அதன் கீழே குடை. இடது கால் செருப்பு. நான் மறந்ததெல்லாம் இடப்பக்கம்தான், கணக்கு சரியாக வந்தது. ஆணியை வலப்பக்கம் மாற்றச் சொன்னார்.

“ஆணிய மாத்தலாம் சார். இடப்பக்கமா வர்ற குதிரைவண்டிய எங்க மாத்துறது?” என்றேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் முகவாய் இடது தோளில் படும்வரை கழுத்தைத் திருப்பிப் பழகச் சொன்னார். பழகினேன்.

ஒரு காலை, படியில் நிற்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் குறுக்கே வந்து, “அண்ணே, எங்க கிளம்பிட்டீக?” என்றார். அந்தப் பேச்சில் கழுத்து திரும்பவில்லை. தெருவில் பத்தடி போனபின்தான் திருப்பினேன். இடது கையில் சாவி இல்லை.

வாசலில் மாயக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளருகே பாண்டி. முப்பது வருஷமாகப் புறப்பட்ட காலைத் திருப்பாதவன் நான். அது அவனுக்குத் தெரியும்.

தெருவே பார்க்க வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். படியேறி, வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையாலேயே சாவியை எடுத்தேன். அந்த விரல்களுக்கு நேரம் பிடித்தது. யாரும் உதவ வரவில்லை, வந்திருந்தால் வைதிருப்பேன்.

“இதுவும் ஒரு தடவைதாம்ப்பா” என்றான் பாண்டி.

“விட்டுட்டுப் போனாத்தானடா கணக்கு? நான் இன்னும் போகவே இல்லையே. இப்பத்தான் போறேன்.”

“போறேன்னு சொல்லாதீக” என்று மாயக்கா அதட்டினாள். “போயிட்டு வாரேன்னு சொல்லுங்க.”

சொன்னேன். மகன் வழிவிட்டான்.

இதே நோய் கண்டவர்களுக்குச் சொல்கிறேன்: ஆணியை மாற்றாதீர்கள். முன்பெல்லாம் கண் சிமிட்டுவதற்குள் கிளம்பிவிடுவேன். இப்போது ஒரு கவுளி எண்ணும் நேரமாகிறது. ஆகட்டும். இடது கை எனக்கு இப்போது பக்கத்தில் நிற்கும் பிடிவாதக்காரன். வாரியா என்று அவனைத் திரும்பிப் பார்த்துத்தான் படியிறங்குகிறேன். மறந்துபோய் இறங்கினால் மாயக்கா பின்னாலிருந்தே கூப்பிடுகிறாள், தெருவே கேட்கும்படி: “ஏங்க, இடது!”