கல்லறைக்குள் புகுந்த கடாவும் ஓஸ்லாவின் வெள்ளிக்கிழமையும்

2013ஆம் ஆண்டு ஜூன் 14, வெள்ளிக்கிழமை. காலையில் மேற்குக் காற்று. நண்பகலுக்குப் பின் அதே காற்று சற்று வடக்கே ஒதுங்கி வீசியது. மழை இல்லை. எங்கள் ஸ்கெல்லே தீவில் இதற்கு நல்ல நாள் என்று பெயர்.

ஆர்க்னித் தீவுகளின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில் ஆட்கள் குறைவு, வேலைகள் குறைவில்லை. ஆகவே ஒருவரே நான்கு வேலைகளைப் பார்ப்பது வழக்கம். இதில் எல்லாரையும் மிஞ்சியவள் ஓஸ்லா ட்ரெவர். எட்டு இருக்கைகள் கொண்ட சிறு விமானம் வந்திறங்கும்போது, தீயணைப்புத் தலைக்கவசத்துடன் ஓடுதளத்தின் ஓரத்தில் நிற்பவள் அவள். விமானத்தின் விசிறி நின்றதும் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளை இறக்குபவளும் அவளே. அந்தப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் ஊர் வண்டியின் ஓட்டுநரும், அன்றைய தபாலை வீடு வீடாகக் கொடுப்பவரும் வேறு யாரும் அல்லர்.

அன்று விமானத்திலிருந்து சுற்றுலாப் பயணிகள் ஆறு பேர் இறங்கினார்கள். அவர்களுள் ஒருவர் லீட்ஸ் நகரத்துப் பல் மருத்துவர், திருமதி ஹாதர்சேஜ். வண்டியருகே வந்ததும் அவர் ஓஸ்லாவை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, தீயணைப்பு வண்டி பக்கத்துல ஒரு பொண்ணு நின்னாங்களே, உங்க அக்காவா?"

"இல்லைங்க, அது நான்தான்."

"பெட்டி எறக்குனது?"

"அதுவும்."

"அப்ப வழிகாட்டி எப்ப வருவாங்க?"

"வந்துட்டாங்க. நீங்க ஏறுங்க."

ஓஸ்லா பள்ளியில் என்னிடம் படித்தவள். பழைய வரலாறு கேட்பவர்களுக்குச் சொல்வதற்காக அன்று என்னையும் வண்டியின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆனால், அவள் என்னை அழைத்ததற்கு உண்மையான காரணம் அச்சம்.

அவளுடைய மகள் ரூனாவுக்கு வயது பதின்மூன்று. எங்கள் ஊரில் உயர்நிலைப் பள்ளி இல்லை. பிள்ளைகள் கர்க்வால் நகரத்து விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை விமானத்தில் வீட்டுக்கு வருவார்கள். அந்த விமானத்தில் இருக்கைகள் காலியாகவே வருவதால், அடுத்த ஆண்டு முதல் அதை நிறுத்திவிடப் போவதாகப் பேச்சு எழுந்திருந்தது. நிறுத்திவிட்டால், கடல் மனம் வைத்துக் கப்பல் வரும் வாரங்களில் மட்டுமே ரூனா வீட்டைப் பார்ப்பாள்.

இந்த நிலையில்தான், அன்று இறங்கிய அறுவருள் ஒருவராக எடின்பரோவிலிருந்து ருத்வென் என்பவர் வந்தார். ஆறேழு பேர் கொண்ட குழுக்களைப் பழமையான இடங்களுக்கு அழைத்துச் செல்வது அவருடைய தொழில். கோடைகாலம் முழுவதும் வெள்ளிதோறும் வடகோடித் தீவு ஒன்றுக்கு, அங்குள்ள கற்காலக் கல்லறையைப் பார்க்க, குழுவை அனுப்ப அவர் எண்ணியிருந்தார். எங்கள் ஸ்கெல்லேயா, பக்கத்துத் தீவான ப்ரூன்சேயா என்பதை அன்று மாலைக்குள் முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். எங்களைத் தேர்ந்தெடுத்தால் இருக்கைகள் நிரம்பும், விமானம் நிலைக்கும்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் ஊரில் தற்பெருமை பேசினால் ஒரு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். 'பரவாயில்லை' என்பதே இங்கே உச்சப் புகழ்ச்சி. திருமணத்தன்று மாப்பிள்ளை எப்படி என்று கேட்டவர்களிடம் ஓஸ்லா சொன்னது அந்த ஒரு சொல்தான். கேட்டவர்கள் கண்கலங்கி அவளை வாழ்த்தினார்கள். ப்ரூன்சேக்காரர்களோ கூச்சமற்றவர்கள். தங்கள் ஊர்க் கல்லறை உலகத்திலேயே சிறந்தது என்று கப்பல்துறையில் பலகையே வைத்திருக்கிறார்கள்.

முந்தைய நாள் ஓஸ்லா என் வீட்டுக்கு வந்து பயிற்சி எடுத்தாள்.

"டீச்சர், 'அற்புதம்'னு சொல்றப்ப மூஞ்சிய எப்படி வெச்சுக்கணும்?"

"சும்மா சொல்லு பாப்போம்."

"அற்புதம்."

"பல்லு வலிக்கிறவ மாதிரி இருக்கே!"

"நம்மால ஆகாது டீச்சர். எனக்கே வெக்கமா இருக்கு."

வெள்ளிக்கிழமை வண்டியில் ருத்வென் முன்னிருக்கையில் அமர்ந்து கேள்விகளைத் தொடங்கினார்.

"கல்லறை எவ்வளவு பழசு?"

"ஐயாயிரம் வருஷம் இருக்கும்."

"ப்ரூன்சேல இருக்கறதவிடப் பெருசா?"

"இல்லைங்க, சின்னது."

"பாக்க எப்படி இருக்கும்?"

பின்னிருக்கையிலிருந்து நான் இருமினேன். ஓஸ்லாவின் காதுமடல்கள் சிவந்தன.

"பரவால்ல," என்றாள். நான் மறுபடியும் இருமவே, "நல்ல எடம்தாங்க. மழை பெஞ்சா மட்டும் ஒழுகும்," என்று சேர்த்துக்கொண்டாள். ருத்வென் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

அந்தக் கல்லறை, ஓஸ்லாவின் தந்தை வயலை உழுதபோது டிராக்டரின் சக்கரம் புதைந்ததால் வெளிப்பட்டது. வெளியே பார்த்தால் புல் மேடு. உள்ளே கற்களால் அடுக்கிய அறை. இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு தாழ்ந்த வழி. முட்டி தேய வேண்டாம் என்று ஓஸ்லா அதற்கு ஒரு சக்கரப் பலகை செய்திருந்தாள். அதன் இருமுனையிலும் கயிறு உண்டு. பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டால் உள்ளே இருப்பவர் இழுத்துக்கொள்வார். திரும்பும்போது வெளியே இருப்பவர் இழுப்பார். நான் முதலில் சென்று ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டேன். ருத்வென் கடைசியாக வந்து சேர்ந்தார். வெளியே கயிற்றுடன் ஓஸ்லா நின்றாள்.

நான் வரலாற்றைச் சொல்லத் தொடங்கிய வேளையில் வெளியிலிருந்து அவளுடைய குரல் கேட்டது.

"கடா உள்ள! கடா உள்ள!"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆடுகள் கடற்கரையில் கடற்பாசி தின்று வளர்பவை. அவை வயல்களுக்குள் வராதபடி தீவைச் சுற்றி ஒரு கற்சுவர் நிற்கிறது. எங்கேனும் கல் சரிந்து ஆடு உள்ளே வந்துவிட்டால், பார்த்தவர் கூவ வேண்டும். கேட்டவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஞானஸ்நானத்தின் நடுவே குழந்தையைத் தாயின் கையில் திணித்துவிட்டு ஓடிய பாதிரியாரை எங்கள் ஊர் இன்றும் மதிப்புடன் நினைவுகூர்கிறது. எனவே, அந்தக் கூவலைக் கேட்டதும் இருட்டுக்குள் என் கால்களும் தாமாகவே வாசலை நோக்கித் திரும்பின. ஓஸ்லாவோ கயிற்றைப் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டாள்.

"என்ன நடக்குது?" என்றார் ருத்வென்.

"ஒண்ணுமில்ல. வழிகாட்டி கொஞ்சம் வெளிய போயிருக்காங்க," என்றேன்.

அவள் கடாவை வடக்கே துரத்தியிருக்கிறாள். எதிர்ப்புறத்திலிருந்து கடாவுக்குச் சொந்தக்காரரான டாமோ ஸ்வானி கைகளை விரித்துக்கொண்டு வந்திருக்கிறார். இருவருக்கும் நடுவே அகப்பட்ட கடாவுக்குத் தெரிந்த ஒரே பொந்து, எங்கள் கல்லறையின் வாசல்.

தாழ்வழியில் குளம்பொலி கேட்டது. அடுத்த கணம் கொம்புகள் ருத்வெனின் முழங்கால்களில் மோதின. அவர், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் எலும்புகளை வைத்த கல் தட்டில் ஏறி அமர்ந்துகொண்டார். பின்னர் திருமதி ஹாதர்சேஜ் கைவிளக்கை அதன் வாய்க்கு நேரே பிடித்தார்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

வெளியே பேச்சு எழுந்தது.

"யோவ் டாமோ, உன் கடா என் ஆளுங்களோட உள்ள இருக்குய்யா!"

"உன் ஆளுங்கதான் பொண்ணே என் கடாவோட இருக்காங்க. அதுக்கு ஏதாவது ஆச்சு, பாத்துக்க!"

"பேசிட்டு நிக்காத. ஓடிப்போய்ப் பாசி கொண்டா!"

சற்று நேரத்தில் வெளியே பலகையை இழுப்பது தெரிந்தது. "டீச்சர், இழுங்க!" என்ற குரல் வந்ததும் நான் என் பக்கத்துக் கயிற்றை இழுத்தேன். ஈரக் கடற்பாசியை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு, குப்புறப் படுத்தவாறு, தலை முதலாக வந்து சேர்ந்தாள் ஓஸ்லா. கடா முகர்ந்து பார்த்தது, தின்றது. மிச்சப் பாசியைப் பலகையில் பரப்பிவிட்டு, "டாமோ, மெதுவா இழு! மெதுவாய்யா!" என்றாள். பலகை நகர்ந்தது. அதன் பின்னால், கோயிலுக்குப் போகும் பெரிய மனிதரைப் போல, அவசரமில்லாமல் கடாவும் நடந்தது.

அப்போதுதான் ஓஸ்லா நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். தட்டின் மேல் முழங்கால்களைக் கட்டிக்கொண்டிருந்த ருத்வெனைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது.

"உங்களை இப்படி விட்டுட்டு நான் ஓடியிருக்கக் கூடாதுங்க. கூவுனதும் கால் நிக்கல."

ருத்வென் தம் சட்டையில் ஒட்டியிருந்த கடாவின் மயிரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் வழக்கப்படி, சுவரில் கல் சரிந்த இடத்தை அடைக்க வேண்டியிருந்தது. அருகில் இருப்பவர் யாராயினும் கல் தூக்கியாக வேண்டும். டாமோவுக்கு விருந்தினர் என்ற வேறுபாடு கிடையாது.

"என்ன சார், வேடிக்கையா? அந்தக் கல்ல எடுங்க. இல்ல, அது பெருசு. உங்களுக்கு அந்தச் சின்னது போதும்."

சீண்டலைப் பொறுக்காத ருத்வென் பெரியதையே தூக்கினார். அறுவரும் கல் சுமந்தார்கள். திருமதி ஹாதர்சேஜ் வைத்த கல் இரண்டு முறை விழுந்தது. அப்போதைக்கு அடைத்தாயிற்று, ஊரார் கூடி முறையாகக் கட்டுவது திங்கட்கிழமைக்கு என்று முடிவாயிற்று. தேநீரின்போது யாருமே கல்லறையைப் பற்றிப் பேசவில்லை. ஒருவரையொருவர் இடைமறித்துக் கடாவைப் பற்றியே பேசினார்கள். ஓஸ்லா மட்டும் ரொட்டியை வெட்டிக்கொண்டே இருந்தாள். தின்பதற்கு ஆள் போதாத அளவுக்கு வெட்டினாள்.

மாலை விமானம் வந்தது. தலைக்கவசத்துடன் ஓஸ்லா ஓரத்தில் நின்றாள். சன்னலில் ரூனா மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். விசிறி நிற்கும்வரை தீயணைப்பவர் இடத்தை விட்டு அசையக் கூடாது. தாயாக இருந்தாலும் விதி அதுதான். ருத்வென் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளிடம் வந்தார்.

ரூனா அடுத்த ஆண்டும் வெள்ளிதோறும் வீடு வந்தாள். ஆகவே, அவர் எடுத்த முடிவை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால், அன்று அது என்ன முடிவு என்று எங்களுக்குத் தெரியாது. அப்போது அவர் கேட்ட கேள்விக்கு அவர் விரும்பிய மறுமொழி எது என்பதும் தெரியாது. வரும் என்பதா, வராது என்பதா, எதைச் சொன்னால் விமானம் நிலைக்கும் என்று எனக்கே விளங்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றார் ருத்வென். "அடுத்த வெள்ளிக்கிழமையும் கடா உள்ள வருமா?"

விசிறி நின்றது. ஓஸ்லா தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"வராதுங்க. திங்கக்கிழமை செவுத்தைக் கட்டிடுவோம்."